நிலநடுக்கத்தின் முகவரி நொடிகளில் இருக்கிறது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6 மணி 29 நிமிடம் ஆகச் சில நொடிகள் இருந்தபோது, சுமத்ராவின் வடமேற்குக் கரையை ஒட்டிய கடலடிப் பாறை முறியத் தொடங்கியது. அங்கிருந்து கிளம்பிய முதல் அதிர்வு ஏறத்தாழ 2,000 கி.மீ. பாறைக்குள்ளேயே பயணம் செய்து, 6.33 வாக்கில் சென்னையின் அடியில் வந்து சேர்ந்துவிட்டது. அதே முறிவு கிளப்பிவிட்ட கடல் அலை சென்னைக் கரையைத் தொட்டபோது மணி ஒன்பது. ஆக, பாறை கொண்டுவந்த சேதி நான்கேகால் நிமிடத்தில் வந்தது, கடல் கொண்டுவந்த சேதிக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. அந்த முதல் அதிர்வு மனிதர் யாருக்கும் உறைக்காத அளவுக்கு மெல்லியது. கருவிகளுக்கு மட்டும் அது தெரிந்தது. எங்கே முறிந்தது என்ற கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருந்தது. அந்த விடை அதிர்வின் வலுவிலோ வடிவத்திலோ இல்லை. அது வந்து சேர்ந்த நேரத்தில் இருந்தது.

எந்த நிலநடுக்கத்துக்குப் பிறகும் நாளிதழ்களில் ஒரு வரி வரும்: மையம் இன்ன ஊரிலிருந்து இத்தனை கிலோமீட்டர், ஆழம் இத்தனை, அளவு இத்தனை. படிக்கிறவருக்கு இது வெப்பமானியைப் பார்த்து எழுதிய எண்ணைப் போலத் தோன்றும். உண்மையில் அந்த இடத்தை யாரும் நேரில் அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. பல ஊர்களில் உள்ள கருவிகள் பதிவு செய்த நேரங்களை ஒன்றோடொன்று ஒத்துவரச் செய்து, எந்த இடத்தைச் சொன்னால் எல்லா நேரங்களுக்கும் மிகக் குறைந்த முரண்பாடு எஞ்சுமோ அந்த இடத்தை மையம் என்று அறிவிக்கிறார்கள். முரண்பாடு ஒருபோதும் முழுதாகத் தீர்வதில்லை. கணக்குக்கும் பதிவுக்கும் இடையே ஒன்றிரண்டு நொடிகள் மிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த மிச்சத்தைக் கணக்கின் குறையாகப் பார்ப்பது இயல்பு. ஆனால் பூமியின் உட்புறத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த மிச்ச நொடிகளிலிருந்தே கிடைத்தது. ஆகவே மையத்தைச் சொல்லும் எண்ணை அதன் மிச்சத்தோடு சேர்த்துப் படிக்கப் பழக வேண்டும்.

பாறை முறியும்போது இரண்டு வகை அலைகள் ஒரே கணத்தில் பூமிக்குள் புறப்படுகின்றன. முதலாவது பி அலை. தான் செல்லும் திசையிலேயே பாறையை அழுத்தியும் தளர்த்தியும் முன்னேறுவது. இரண்டாவது எஸ் அலை. செல்லும் திசைக்குக் குறுக்கே பாறையை அசைப்பது. புவி மேலோட்டில் பி அலை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. செல்லும், எஸ் அலை சுமார் 3.5 கி.மீ. செல்லும். பழைய நிலநடுக்கமானியின் தாளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுழலும் உருளையில் ஊசி நேர்கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். திடீரென்று கோடு சன்னமாக நடுங்கும். அது பி அலை. அந்த நடுக்கம் அடங்குமுன், கோடு சட்டென்று அகலமாக அலைபாயத் தொடங்கும். அது எஸ் அலை. இரண்டுக்கும் இடைப்பட்ட தாளின் நீளம்தான் தூரத்தின் அளவு. ஒரே ஊரிலிருந்து ஒரே நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு சைக்கிளும் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமும் மற்றது நான்கு நிமிடமும் எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்று நிமிட இடைவெளி கூடும். நம் வாசலை அவை அரை மணி நேர இடைவெளியில் கடந்தால் அந்த ஊர் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எப்போது கிளம்பின என்று தெரிய வேண்டியதே இல்லை. அதேபோல பி அலைக்கும் எஸ் அலைக்கும் 12 நொடி இடைவெளி இருந்தால், அருகில் நிகழ்ந்த நிலநடுக்கம் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இடைவெளி நொடிகளை எட்டரையால் பெருக்கினால் போதும்.

தூரம் தெரிந்துவிட்டால் திசை? ஒரு நிலையத்தின் நேரம் அதைச் சொல்லாது. அந்த நிலையத்தைச் சுற்றி 100 கி.மீ. வட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் மையம் இருக்கலாம். இன்னொரு நிலையத்தின் வட்டம் முதல் வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். மூன்றாவது வட்டம் அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கொடுக்கும். பள்ளிப் புத்தகம் இங்கே நின்றுவிடுகிறது: மூன்று வட்டங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன, அதுவே மையம் என்று. உண்மையான பதிவுகளை வைத்து காம்பஸால் வரைந்து பார்த்தால் மூன்று வட்டங்களும் அபூர்வமாகவே ஒரு புள்ளியில் கூடும். பெரும்பாலும் நடுவில் ஒரு சின்ன முக்கோணம் மிஞ்சும். அலை மேற்பரப்பிலிருந்து கிளம்பவில்லை, ஆழத்திலிருந்து கிளம்பியது என்பது அதற்கு ஒரு காரணம். எல்லா இடத்திலும் பாறை ஒன்றுபோல் இல்லை என்பது இன்னொரு காரணம். முதல் அலையின் சலனம் அடங்காத தாளில் எஸ் அலை எந்த நொடியில் நுழைந்தது என்று குறிப்பது கடினம் என்பது மூன்றாவது. நிலநடுக்க ஆய்வாளரின் உண்மையான வேலை அந்த முக்கோணத்தில்தான் தொடங்குகிறது.

இந்த முறை முழுவதும் கடிகாரத்தை நம்பியிருக்கிறது. நேரத்தில் ஒரு நொடி பிசகினால் இடத்தில் ஆறு கிலோமீட்டர் பிசகும். அதனால்தான் இந்த அறிவியல் கருவியைவிடக் கடிகாரத்துக்காகவே நெடுங்காலம் காத்திருந்தது. 1889 ஏப்ரலில் ஜப்பானில் நிகழ்ந்த ஒரு நிலநடுக்கத்தை ஜெர்மனியின் பாட்ஸ்டாமிலும் வில்ஹெல்ம்ஸ்ஹாவனிலும் இருந்த நுண்ணிய ஊசல்கள் பதிவு செய்ததை எர்ன்ஸ்ட் ஃபொன் ரெபோயர்-பாஷ்விட்ஸ் கண்டறிந்தார். இரண்டு நாடுகளின் நேரங்களையும் ஒப்பிட முடிந்ததால்தான் பூமியின் மறுபக்கத்து அதிர்வு இது என்று அவரால் சொல்ல முடிந்தது. 1897 ஜூன் 12 அன்று அசாமைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதை ஆராய்ந்தார். அன்றைய இந்தியாவில் ஊருக்கு ஒரு நேரம் இருந்தது. ரயில்வேயும் தந்தி அலுவலகங்களும் மட்டும் கிரீன்விச்சைவிடச் சுமார் 5 மணி 21 நிமிடம் முந்திய சென்னை நேரத்தைப் பொதுவாகப் பின்பற்றின. அந்த நேரத்தைக் கணித்துக் கொடுத்தது சென்னை வானாய்வகம். பல நாடுகளின் பதிவுகளை ஒப்பிட்டு, தொலைதூர நிலநடுக்கப் பதிவுகளில் மூன்று தனித்தனி அலைத் தொகுதிகள் உள்ளன என்று 1900இல் ஓல்டாம் காட்டினார். பி, எஸ், மேற்பரப்பு அலை என்று நாம் இன்று சொல்லும் பிரிவு அங்கேதான் தெளிவானது. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிரிட்டன் விஞ்ஞானி ஜான் மில்னின் கருவிகள் உலகெங்கும் நிறுவப்பட்டபோது, அவற்றில் ஒன்று கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்தது. நட்சத்திரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்யும் வானாய்வகமே நிலநடுக்கமானிக்கும் பொருத்தமான வீடாக இருந்தது. இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோள் சமிக்ஞைகள் செய்கின்றன.

வட்டங்களை விட்டுவிட்டு, மிச்சத்தையே வழிகாட்டியாகக் கொள்ளும் முறையை 1910இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் கைகர் வகுத்தார். இன்றும் உலகின் பெரும்பாலான மையங்கள் அந்த அடிப்படையில்தான் கணிக்கப்படுகின்றன. முறை எளிமையானது: முதலில் ஓர் இடத்தையும் நேரத்தையும் ஊகித்துக்கொள். அங்கிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் அலை எப்போது வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடு. உண்மையில் வந்த நேரத்தோடு ஒப்பிடு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். சேலத்தின் அடியில் அதிர்வு தோன்றியது என்று ஊகிக்கிறோம். கொடைக்கானல் பதிவைப் பார்த்தால், கணக்கிட்டதைவிட இரண்டு நொடி முன்னதாகவே அலை வந்திருக்கிறது. சென்னையிலோ இரண்டு நொடி தாமதமாக வந்திருக்கிறது. அப்படியானால் மையம் சென்னையிலிருந்து விலகி, கொடைக்கானல் பக்கமாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுக்கு நகர வேண்டும். எல்லா நிலையங்களிலும் ஒரே சீராக இரண்டு நொடி தாமதம் என்றால் இடம் சரி, முறிவு தொடங்கிய நேரத்தைத்தான் இரண்டு நொடி தள்ளிவைக்க வேண்டும். இப்படி நகர்த்தி, மறுபடி கணக்கிட்டு, மறுபடி நகர்த்த, மிச்சங்கள் குறைந்துகொண்டே வரும். இனிமேல் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் மிச்சம் கூடத்தான் செய்யும் என்ற இடத்தில் கணக்கு நிற்கும். அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், தொடங்கிய நேரம் என்று தெரியாதவை நான்கு; ஆகவே குறைந்தது நான்கு வருகை நேரங்கள் தேவை. கைப்பேசி தன் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பதும் இதே கணக்கின் மறுதலைதான். அங்கே நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து வரும் நேரங்களைக் கொண்டு ஓர் இடமும் ஒரு கடிகாரப் பிழையும் கண்டறியப்படுகின்றன.

நான்கில் ஆழம்தான் மிகவும் பிடிவாதமானது. தொலைவில் உள்ள நிலையங்களுக்குச் செல்லும் அலைகள் மையத்திலிருந்து கீழ்நோக்கியே புறப்படுகின்றன. மையத்தைப் பத்துக் கிலோமீட்டர் ஆழத்துக்கு இறக்கினால் அந்த நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பாதை குறையும். எல்லாவற்றிலும் அலை சற்று முன்னதாக வரும். முறிவு அந்த அளவு முன்னதாகவே தொடங்கியிருந்தாலும் இதே விளைவுதான். எனவே ஆழம் கூடியதா, நேரம் முந்தியதா என்று தொலைவிலுள்ள பி அலைகளால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் மையத்துக்கு மிக அருகே, அதன் ஆழத்துக்கு ஒப்பான தூரத்தில் ஒரு நிலையம் வேண்டும். இல்லையேல் மையத்திலிருந்து மேலே சென்று தரையில் எதிரொலித்துத் திரும்பிப் போன அலையைப் பதிவில் அடையாளம் காண வேண்டும். நேர் அலைக்கும் எதிரொலித்த அலைக்கும் உள்ள இடைவெளி ஆழத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் இல்லாதபோது ஆய்வாளர்கள் ஆழத்தை ஒரு வழக்கமான எண்ணில் நிறுத்திவிட்டு மற்ற மூன்றையும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பட்டியல்களில் பத்துக் கிலோமீட்டர் என்ற ஆழம் அத்தனை முறை வருவதற்குக் காரணம் இதுதான். பல வேளைகளில் அந்தப் பத்து கண்டறியப்பட்ட எண் ஆகாது, வைத்துக்கொள்ளப்பட்ட எண்ணே.

நிலையங்கள் எத்தனை என்பதைப் போலவே அவை எந்தெந்தப் பக்கம் இருக்கின்றன என்பதும் முக்கியம். 2001 செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரிக்கு அப்பால் வங்கக்கடலின் அடியில் 5.5 அளவில் ஒரு நிலநடுக்கம் நிகழ்ந்து சென்னை வரை உணரப்பட்டது. இத்தகைய கடலோர நிலநடுக்கத்துக்கு மேற்கே தீபகற்பத்தின் நிலையங்கள் இருக்கின்றன. கிழக்கே அந்தமான் வரை வெறும் நீர்தான். மையத்தைக் கிழக்கே பத்துக் கிலோமீட்டர் தள்ளினால் மேற்கிலுள்ள எல்லா நிலையங்களுக்கும் பி அலை ஒன்றரை நொடிக்குச் சற்று அதிகமாகத் தாமதிக்கும். தொடங்கிய நேரத்தை அதே அளவு முன்னே இழுத்துவிட்டால் மிச்சம் மறைந்துவிடும், கணக்கும் சரியாகவே தோன்றும். பி, எஸ் இடைவெளிதான் இந்த இழுபறியை ஓரளவு தீர்த்துவைக்கும். ஒரு பக்கமாக நின்று எத்தனை பேர் பார்த்தாலும், மறுபக்கம் நின்று ஒருவர் பார்ப்பதற்கு அது ஈடாகாது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைப் பறித்த நிலநடுக்கத்துக்குப் பிறகே தீபகற்ப இந்தியாவின் நிலையங்களைப் பெருக்கவும் புதுப்பிக்கவும் தீவிர முயற்சி எடுக்கப்பட்டது. அசையாத கற்பலகை என்று நம்பப்பட்ட நிலத்தில் கருவி எதற்கு என்ற எண்ணம் அதுவரை நிலவியது. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் 6 அளவை ஒட்டிய நிலநடுக்கம் தென்னிந்தியா முழுவதும் உணரப்பட்டிருந்தும் அந்த எண்ணம் நீடித்தது. அந்தக் கோவை நிலநடுக்கத்தின் மையம் இன்று வரைபடத்தில் இருக்கும் இடம், எங்கெங்கே எவ்வளவு பலமாக உணரப்பட்டது என்ற விவரிப்புகளிலிருந்து ஊகித்ததுதான்.

இந்த முறையைப் பற்றி நியாயமான ஓர் ஐயம் எழும். அலை வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட பூமியின் உட்புறம் தெரிந்திருக்க வேண்டும். பூமியின் உட்புறமோ நிலநடுக்க அலைகளைக் கொண்டே அறியப்பட்டது. அப்படியானால் இது சுற்றி வளைத்துத் தன்னையே மெய்ப்பித்துக்கொள்ளும் வாதம் ஆகாதா? ஒரே ஒரு நிலநடுக்கம் மட்டும் இருந்திருந்தால் ஐயம் சரியே. ஆனால் ஒவ்வொரு நிலநடுக்கமும் கணக்கில் சேர்ப்பது நான்கே நான்கு தெரியாத எண்களை. கொடுப்பதோ நூற்றுக்கணக்கான வருகை நேரங்களை. நான்கைத் தீர்மானித்த பிறகும் ஏராளமான நேரங்கள் மிஞ்சுகின்றன. ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்களில் ஒரே தூரத்து நிலையங்கள் ஒரே பக்கமாகப் பிசகினால், அந்தப் பிசகு மையத்தின் குற்றமாக இருக்க வழியில்லை, கணக்குக்கு அடிப்படையான பயண நேர அட்டவணையின் குற்றம். இப்படிப் பல்லாண்டுகள் திருத்தித் திருத்தி, ஹெரால்ட் ஜெஃப்ரீஸும் கெய்த் புல்லனும் 1940இல் வெளியிட்ட பயண நேர அட்டவணை, கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு. அரை நூற்றாண்டு கழித்து கணினியோடு உருவாக்கிய அட்டவணைகள் பெரும்பாலான தூரங்களில் அதிலிருந்து இரண்டு நொடி அளவே வேறுபட்டன. பதின்மூன்று நிமிடப் பயணத்தில் இரண்டு நொடி! தன்னையே சுற்றிவரும் வாதம் இந்த அளவுக்கு உறுதியான இடத்தில் வந்து நிற்காது.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. நிலையங்களைப் பெருக்கிக்கொண்டே போனால் பிழை தானாகக் கரைந்துவிடுமே, பிறகு மிச்சத்தைப் பற்றிக் கவலை எதற்கு என்பது அது. இதற்கு விடை 1965 அக்டோபர் 29 அன்று அலூஷியன் தீவுகளில் ஒன்றான அம்சிட்காவில் கிடைத்தது. லாங் ஷாட் என்ற பெயரில் அமெரிக்கா அங்கே 80 கிலோ டன் அணுகுண்டை நிலத்தடியில் வெடித்தது. வெடித்த இடமும் நொடியும் துல்லியமாகத் தெரியும். உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் பதிவு செய்தன. அந்தப் பதிவுகளை மட்டும் வைத்துக் கணித்த மையமோ உண்மையான இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே தள்ளி விழுந்தது. தீவுகளின் அடியில் பசிபிக் தட்டு வடக்கு நோக்கிச் சரிந்து பூமிக்குள் இறங்குகிறது. குளிர்ந்த, இறுகிய அந்தப் பாறைப் பலகையின் வழியே வடக்கே போன அலைகள் வேகமாகச் சென்று முன்னதாகவே சேர்ந்துவிட்டன. கணக்கோ அதை அறியாமல், அலை முன்னதாக வந்தது மையம் அந்தப் பக்கம் இருப்பதால்தான் என்று எடுத்துக்கொண்டது. கேட்கும் எல்லோரையும் ஒரே பக்கமாக ஏமாற்றுகிற பிழையை, கேட்பவர் எண்ணிக்கையைக் கூட்டி நீக்க முடியாது. எண்கள் தங்களுக்குள் ஒத்துப்போவது ஒன்று, உண்மையோடு ஒத்துப்போவது வேறொன்று. அந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் அறிவியலில் குறைவு.

ஆனால் அதே பிழை ஓர் அறிவாகவும் ஆனது: அலை முன்னதாக வந்த திசையெல்லாம் குளிர்ந்த பலகை இறங்கும் திசை. மிச்ச நொடிகள் இப்படிப் பேசியது அது முதல்முறையும் இல்லை. 1909இல் ஜாக்ரெப் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ஒரு பி அலைக்குப் பதிலாக இரண்டு வந்ததைக் கவனித்த அந்திரியா மொஹொரோவிச்சிச், ஒன்று மேலோட்டின் வழியாகவும் மற்றொன்று அதற்குக் கீழே இன்னும் வேகமான பாறை வழியாகவும் வந்தது என்று கணித்து, மேலோட்டுக்கும் கவசத்துக்கும் இடையிலான எல்லையைக் கண்டார். 1922இல் ஆக்ஸ்ஃபோர்டில் எச். எச். டர்னர் உலகப் பதிவுகளைத் தொகுத்தபோது, சில நிலநடுக்கங்களின் அலைகள் பூமியின் மறுபக்கத்துக்கு மட்டும் வழக்கத்தைவிட முன்னதாகவே போய்ச் சேர்வதைப் பார்த்தார். அவை மிக ஆழத்தில் தோன்றியிருக்க வேண்டும் என்றார். பலர் நம்பவில்லை. 1928இல் ஜப்பானின் கியோ வாடாட்டி அதை உறுதி செய்தார். மையத்துக்கு நேர் மேலே உள்ள ஊரில் பி, எஸ் இடைவெளி சில நொடிகளே இருக்க வேண்டும். சில நிலநடுக்கங்களில் மட்டும் எந்த ஊர்ப் பதிவை எடுத்தாலும் இடைவெளி பெரிதாகவே இருந்தது. பக்கவாட்டில் நெருங்கிப் போனாலும் தூரம் குறையவில்லை என்றால், அந்தத் தூரம் கீழ்நோக்கி இருக்கிறது! இன்று 700 கி.மீ. ஆழம் வரை நிலநடுக்கங்கள் நிகழ்வது நமக்குத் தெரியும். பாதையால் வரும் பிழையை நீக்கவும் ஒரு வழி உண்டு. அக்கம்பக்கத்தில் நிகழும் இரண்டு சிறு அதிர்வுகளின் அலைகள் ஒரு நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரே பாதையில்தான் வருகின்றன. ஒன்றின் நேரத்திலிருந்து மற்றொன்றின் நேரத்தைக் கழித்தால் பாதையின் பிழை அடிபட்டுப்போகும். 2000இல் ஃபெலிக்ஸ் வால்ட்ஹவுசரும் வில்லியம் எல்ஸ்வொர்த்தும் இந்தக் கழித்தலைக் கலிஃபோர்னியாவின் ஹேவர்டு பிளவில் செய்து காட்டியபோது, வரைபடத்தில் மேகம்போல் சிதறிக் கிடந்த மையங்கள் மெல்லிய கோடுகளாக ஒடுங்கின. பிளவு எங்கே ஓடுகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரே நிலநடுக்கத்துக்கு இந்திய நிறுவனம் ஓர் இடத்தையும் அமெரிக்க நிறுவனம் சற்றுத் தள்ளி வேறோர் இடத்தையும் சொல்லும்போது, இவர்களுக்கே தெரியவில்லையே என்று மக்கள் சலித்துக்கொள்வதுண்டு. இதுவரை பார்த்தவற்றிலிருந்து அந்தச் சலிப்புக்கு விடை கிடைக்கும். இருவரும் வைத்திருக்கும் நிலையங்கள் வேறு, அட்டவணைகள் வேறு, ஆழத்தைத் தீர்மானித்த விதம் வேறு. இரண்டு விடைகளும் தத்தம் பிழை எல்லைக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் அவை முரண்படவே இல்லை. மையத்தை வரைபடத்தில் புள்ளியாகக் குறிக்காமல் பிழையின் அளவைக் காட்டும் நீள்வட்டமாகக் குறித்தால் இந்தக் குழப்பமே எழாது. முதல் அறிவிப்பு சில நிமிடங்களில், கையில் கிடைத்த சில நேரங்களைக் கொண்டு செய்யப்படுவது. மணிகள் செல்லச் செல்ல மேலும் நிலையங்களின் பதிவுகள் சேரும்போது இடம் நகரும். நகர்வது நேர்மையின் அடையாளம். இவ்வளவு கணிக்க முடிந்தவர்களால் முன்கூட்டியே சொல்ல முடியாதா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. இந்த முறைக்கு அலை கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பாத அலைக்கு வருகை நேரம் கிடையாது. ஆனால் கிளம்பிய பிறகு கிடைக்கும் நொடிகளும் வீணல்ல. ஜப்பான் வானிலை முகமை 2007 முதல் பொதுமக்களுக்கு நிலநடுக்க முன்னெச்சரிக்கை தருகிறது. 2011 மார்ச் 11 அன்று முதல் பி அலையைக் கருவி உணர்ந்த ஒன்பது நொடிக்குள் எச்சரிக்கை வெளியானது. பலமாகக் குலுக்கும் எஸ் அலைகள் பல ஊர்களுக்கு அதன் பிறகே வந்தன.

மறுபடி 2004க்கு வருவோம். அன்று இடம் தெரியாமல் இல்லை. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் பதினைந்தே நிமிடத்தில் மையத்தைக் கணித்து அறிக்கை வெளியிட்டது. அளவை 8.0 என்று அது குறைத்து மதிப்பிட்டிருந்தது. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள கரைகளுக்குச் சேதியைக் கொண்டுசேர்க்க எந்த ஏற்பாடும் இல்லை என்பதுதான் முதல் பேரிழப்பு. அதோடு இன்னொன்றும் இருந்தது. பயண நேரங்கள் காட்டிய மையம் முறிவு தொடங்கிய இடம் மட்டுமே. முறிவு அங்கே நிற்காமல் நிக்கோபார், அந்தமான் தீவுகளை நோக்கி வடக்கே 1,300 கி.மீ. வரை ஏறத்தாழ எட்டு நிமிடம் கிழித்துக்கொண்டே போனது. வங்கக்கடலின் குறுக்கே நாகப்பட்டினத்தையும் கடலூரையும் நோக்கி அலையைத் தள்ளியது அந்த முழு நீளம். ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொண்டு அந்த நீளத்தை யாரும் ஊகித்திருக்க முடியாது. அந்த நீளத்தை அளந்து காட்டியதும் நொடிகளேதான். ஜப்பானின் நூற்றுக்கணக்கான கருவிகளுக்கு வந்த பி அலைகளின் மிக நுண்ணிய நேர வேறுபாடுகளைக் கொண்டு, ஒவ்வொரு கணமும் அதிர்வு எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று பின்தொடர்ந்து, முறிவு வடக்கே ஓடிய பாதையை ஆய்வாளர்கள் 2005இல் வரைந்து வெளியிட்டார்கள். ஓர் இடத்தைக் கேட்டால் ஓர் இடத்தைச் சொன்ன அதே நேரங்கள், எட்டு நிமிட வரலாற்றைக் கேட்டபோது அதையும் சொல்லின.

2007 முதல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா கடற்பகுதியில் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது சில நிமிடங்களிலேயே இடமும் அளவும் கணிக்கப்பட்டு அறிவிப்பு வெளியானது. முறிந்த பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. நல்ல கடிகாரமும், மையத்தை எல்லாப் பக்கமும் சூழ்ந்த நிலையங்களும், பிழையை மறைக்காமல் சொல்லும் பழக்கமும் சேர்ந்தால்தான் அந்தச் சில நிமிடங்களுக்கு மதிப்பு. இவற்றில் முதல் இரண்டையும் அரசுகள் பணம் செலவழித்துப் பெறலாம். மூன்றாவது நம்மிடமிருந்து வர வேண்டும். மையம் எங்கே என்று கேட்கும்போதே, எத்தனை கிலோமீட்டர் முன்பின்னாக இருக்கலாம், எந்தப் பக்கம் நிலையம் இல்லை, ஆழம் கண்டதா வைத்ததா என்றும் கேட்கிற வாசகர்கள் பெருகினால், நாளிதழ்களும் அந்த ஒற்றை வரியைத் தாண்டி எழுதத் தொடங்கும். கிழக்கே வெறும் நீராகக் கிடக்கும் வங்கக்கடலின் அடித்தளத்திலும் ஒரு கடிகாரம் ஓட வேண்டியதன் தேவை அப்போது ஆய்வாளர்களுக்கு மட்டும் தெரிந்த செய்தியாக இராது. இந்தக் கரையில் வாழும் எல்லோரும் கேட்கிற கோரிக்கையாகும்.